மானிட்டர்ல 99 காட்டினா போதுமா? வயசானவங்க நுரையீரலும் ஜெனரல் அனஸ்தீஷியாவும்

முழு மயக்கம், அதாவது ஜெனரல் அனஸ்தீஷியா கொடுத்து ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்துச்சு, சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு காட்டுற நம்பர், ஒரு தடவை கூட 98-க்கு கீழ இறங்கல, பேஷன்ட் கண்ணு முழிச்சாச்சு, வார்டுக்கும் போயாச்சு, ஆனா மூணாவது நாள் மூச்சு வாங்குது, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா நுரையீரலோட அடிப்பகுதி வெள்ளையா தெரியுது. எழுபது தாண்டினவங்களுக்கு இப்படி ஆகுறப்போ வீட்ல இருக்கிறவங்க கேக்கிற முதல் கேள்வி, "எல்லாம் நல்லா போச்சுன்னுதானே சொன்னீங்க?" நியாயமான கேள்விதான். அந்த 98 பொய் இல்லை. ஆனா நுரையீரல் திறந்திருக்கா மூடியிருக்கான்னு சொல்ற நம்பர் அது இல்லை. மெஷின்ல 50 சதவீத ஆக்சிஜன் போய்ட்டு இருக்கிறப்போ, உடம்பு ரத்தத்துல பத்துல ஒரு பங்கு ஆக்சிஜனே எடுக்காம நுரையீரலைத் தாண்டிப் போனா கூட மானிட்டர்ல 99-தான் நிக்கும்.

இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, "நுரையீரலைப் பாதுகாக்கிற அனஸ்தீஷியா"ன்னு பேச்சு வந்தாலே எல்லாரும் வென்டிலேட்டர்ல எவ்ளோ வால்யூம், எவ்ளோ பிரஷர்ங்கிறதுலயே நின்னுடுறாங்க. அதுவும் முக்கியம்தான், கீழ அதைப் பத்தியும் எழுதியிருக்கேன். ஆனா வயசானவங்க விஷயத்துல ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது பெரும்பாலும் மயக்கம் கொடுக்கிற முதல் சில நிமிஷம், மூச்சுக் குழாய்ல போட்ட ட்யூபை எடுக்கிற கடைசி சில நிமிஷம், அப்புறம் வார்டுல போற முதல் ரெண்டு மூணு நாள். நடுவுல இருக்கிற மணிக்கணக்கான நேரத்தை விட இந்த ரெண்டு ஓரமும் முக்கியம்னு நான் நினைக்கிறேன், அதுக்குக் காரணம் வயசோட நுரையீரல்ல நடக்கிற ஒரு மாற்றம்.

நாம சாதாரணமா மூச்சை வெளிய விட்டு முடிச்ச பிறகும் உள்ள கொஞ்சம் காத்து மிச்சம் இருக்கும், பெரியவங்களுக்கு நிக்கிறப்போ ரெண்டரை லிட்டர்லேர்ந்து மூணு லிட்டர் வரைக்கும் வரும்னு வெச்சுக்கலாம். இந்த மிச்சக் காத்துதான் காத்துப்பைகள் ஒட்டிக்காம விரிஞ்சே இருக்க உதவுது, மூச்சு நின்னா கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்க வைக்கிற ஆக்சிஜன் இருப்பும் இதுதான். மல்லாக்கப் படுத்தாலே இதுல அரை லிட்டருக்கு மேல குறைஞ்சிடும், ஏன்னா வயித்துல இருக்கிறதெல்லாம் உதரவிதானத்தை, அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற மூச்சுத் தசையை, மேல தள்ளும். மயக்கம் கொடுத்ததும் நெஞ்சுக்கூட்டு தசையும் உதரவிதானமும் தளர்ந்து போய் இன்னொரு அரை லிட்டர் கிட்ட போயிடும்.

இன்னொரு பக்கம், நுரையீரலோட அடிப்பகுதியில இருக்கிற சின்னச் சின்ன காத்துக் குழாய்கள் தானா மூட ஆரம்பிக்கிற ஒரு அளவு இருக்கு. நுரையீரல்ல காத்து அந்த அளவுக்குக் கீழ போனா அவ்ளோதான், குழாய் மூடிடும். சின்ன வயசுல இந்த அளவு ரொம்ப கீழ இருக்கும், அதனால பிரச்சனையே வராது, ஆனா வயசு ஏற ஏற நுரையீரலோட இழுவிசை போய் இந்த மூடுற அளவு மேல ஏறிட்டே வரும். படுத்திருக்கிறப்போ கிட்டத்தட்ட 44 வயசுலயும், உட்கார்ந்திருக்கிறப்போ 66 வயசு வாக்குலயும் மிச்சக் காத்தோட அளவை இது தொட்டுடும்னு பாடப் புத்தகங்கள்ல இருக்கு. அப்படின்னா 75 வயசுக்காரர் ஒருத்தர் எந்த நோயும் இல்லாம சும்மா படுத்திருந்தாலே ஒவ்வொரு தடவை மூச்சு விடுறப்பவும் நுரையீரலோட அடியில சில குழாய்கள் மூடித் திறந்துட்டு இருக்கும். அவருக்கு மயக்க மருந்து கொடுத்து இன்னொரு அரை லிட்டரையும் எடுத்துட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

இதோட நெஞ்சுக்கூடு இறுகிப் போயிருக்கும், மூச்சுத் தசைகளோட பலம் குறைஞ்சிருக்கும், இருமல் வலு இல்லாம வரும், தொண்டையில ஏதாவது இறங்கினா உடனே உணர்ற திறனும் மந்தமாயிருக்கும். ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சாலோ கார்பன் டை ஆக்சைடு ஏறினாலோ மூளை உடனே மூச்சை வேகப்படுத்தணும், அந்த பதிலும் வயசானவங்க கிட்ட இளையவங்களை விட நிறையவே குறைவு. இதெல்லாம் நோய் இல்லை, வயசோட இயல்பு. சிகரெட், சிஓபிடி (மூச்சுக் குழாய் நிரந்தரமா அடைபடுற நுரையீரல் நோய்), ஆஸ்துமா, இதயப் பிரச்சனைன்னு ஏதாவது இருந்தா அது தனிக் கணக்கு.

மயக்கத்துல நுரையீரல் சுருங்குறதை முதல்ல தெளிவா பேசினது 1963-ல, பாஸ்டன்ல இருந்த பென்டிக்ஸனும் அவரோட சகாக்களும். வென்டிலேட்டர்ல ஒரே சீரா சின்ன மூச்சு கொடுத்துட்டே இருந்தா ஆக்சிஜன் அளவு கொஞ்சம் கொஞ்சமா இறங்குது, நடுவுல பெரிய மூச்சு சில கொடுத்தா மறுபடி ஏறுதுன்னு கவனிச்சு, காத்துப்பைகள் சுருங்கிடுதுன்னு சொன்னாங்க. கண்ணால பார்க்க இன்னும் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1985-ல ஸ்வீடன்ல ஹெடன்ஸ்டியர்னா குழு மயக்கத்துல இருக்கிறவங்களை சிடி ஸ்கேன்ல வெச்சுப் பார்த்தப்போ, மயக்கம் கொடுத்த சில நிமிஷத்துலயே முதுகுப் பக்கம், உதரவிதானத்தை ஒட்டி, நுரையீரல் அடர்த்தியான பட்டை மாதிரி சுருங்கிக் கிடந்துச்சு. இதைத்தான் அட்டெலெக்டேசிஸ்னு சொல்றாங்க. ஜெனரல் அனஸ்தீஷியா எடுக்கிறவங்கள்ல பத்துல ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு அளவுல இது வரும், நல்ல ஆரோக்கியமா இருந்தாலும் வரும்.

இங்க ஒரு விஷயத்தை நிறைய பேர் தப்பா நினைச்சுக்கிறாங்க. வயசானா இந்தச் சுருங்கின ஏரியா பெருசாகும்னு எல்லாரும் எதிர்பார்ப்பாங்க, ஆனா ஸ்கேன்ல பார்த்தா வயசோட அது அப்படி ஒண்ணும் கூடுறதில்லை. வயசோட கூடுறது வேற, அதாவது முழுசா மூடாம பாதி மூடியும் பாதி திறந்தும் இருக்கிற, ரத்தம் நல்லா போகுது ஆனா காத்து சரியா போகாத பகுதிகள். இந்தப் பகுதியெல்லாம் முழுசா சுருங்குறதுக்கு ஒரு படி முன்னாடி நிக்குது, அங்க நாம என்ன பண்றோம்ங்கிறதைப் பொறுத்து திறக்கவும் செய்யும், மூடவும் செய்யும். முதல் தப்பு நடக்கிறதும் இங்கதான், அதுவும் நல்ல எண்ணத்தோட.

மயக்கம் கொடுக்கிறதுக்கு முன்னாடி மாஸ்க் வெச்சு 100 சதவீத ஆக்சிஜன் கொடுப்பாங்க. ட்யூப் போடுறப்போ மூச்சு நிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இது பாதுகாப்பு, அதுல சந்தேகமே இல்லை. ஆனா சாதாரணக் காத்துல அஞ்சுல நாலு பங்கு நைட்ரஜன், அது ரத்தத்துல சீக்கிரம் கரையாது, அதனால காத்துப்பை உள்ள இருந்து அதைத் தாங்கிப் பிடிச்சிருக்கும். முழுக்க ஆக்சிஜனை நிரப்பிட்டா, பாதி மூடின குழாய்க்குப் பின்னாடி மாட்டின ஆக்சிஜனை ரத்தம் உறிஞ்சிடும், பை காலியாகி ஒட்டிக்கும். 2003-ல வந்த ஸ்வீடன் ஆய்வு ஒண்ணுல ஆரோக்கியமான பெண்களுக்கு 100, 80, 60 சதவீதம்னு மூணு விதமா கொடுத்துப் பார்த்தாங்க. 100-ல சுருக்கம் நல்லா தெரிஞ்சுது, 80-ல ரொம்பக் குறைஞ்சுது, 60-ல கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனா மூச்சு நின்ன பிறகு தாக்குப் பிடிக்கிற நேரம் முறையே ஏழு நிமிஷம், அஞ்சு நிமிஷம், மூணரை நிமிஷம் வாக்குல இருந்துச்சு. அதுவும் ஆரோக்கியமானவங்களுக்கு. வயசானவங்க கிட்ட இருப்பும் கம்மி, ட்யூப் போடுறதும் சில நேரம் கஷ்டம், பல் இல்லாம மாஸ்க் முகத்துல சரியா உட்காராது. அதனால சுருக்கத்துக்கு பயந்து ஆரம்பத்துல ஆக்சிஜனைக் குறைக்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். 100-ஏ கொடுக்கலாம், ஆனா தலைப் பக்கத்தை 25, 30 டிகிரி உயர்த்தி வெச்சு, மாஸ்க்லயே கொஞ்சம் பிரஷர் கொடுத்து, ட்யூப் உள்ள போய் எல்லாம் சரியா இருக்குன்னு உறுதியானதும் ஆக்சிஜனை 30, 40 சதவீதத்துக்கு இறக்கிடணும். இறக்குறதுல ரெண்டு லாபம் இருக்கு, உறிஞ்சி சுருங்குறது குறையும், அது போக சாச்சுரேஷன் நம்பருக்கு மறுபடி ஒரு அர்த்தம் வரும். 40 சதவீதத்துல 94 காட்டினா நுரையீரல்ல ஏதோ மூடியிருக்குன்னு அப்பவே தெரிஞ்சிடும். 100-ல ஓட்டினா அதே நுரையீரல் 99 காட்டிட்டு சும்மா இருக்கும்.

இப்போ வென்டிலேட்டர் செட்டிங். பென்டிக்ஸன் காலத்துக்கு அப்புறம் பல வருஷம் பெரிய மூச்சு கொடுக்கிறதுதான் வழக்கமா இருந்துச்சு, கிலோவுக்கு 10, 12, சில இடத்துல 15 மில்லி வரைக்கும். 2000-ல அமெரிக்காவுல ஐசியு நோயாளிங்க கிட்ட, அதாவது ஏற்கனவே நுரையீரல் மோசமா பாதிச்சவங்க கிட்ட, 12 மில்லிக்கு பதிலா 6 மில்லி கொடுத்தப்போ இறப்பு கிட்டத்தட்ட 40 சதவீதத்துலேர்ந்து 31-க்கு வந்துச்சு. அதுலேர்ந்துதான் ஆபரேஷன் தியேட்டருக்கும் இந்த எண்ணம் நகர்ந்துச்சு. இப்போ பொதுவா ஒத்துக்கிற ஆரம்ப அளவு கிலோவுக்கு 6-லேர்ந்து 8 மில்லி. எந்தக் கிலோங்கிறதுலதான் அடிக்கடி கோட்டை விடுறாங்க. உடம்பு எடை இல்லை, உயரத்தை வெச்சுக் கணக்குப் போடுற எடை, ஏன்னா உடம்பு பருத்தா நுரையீரல் பெருசாகாது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 78 வயசு அம்மா, உயரம் 150 சென்டிமீட்டர், எடை 70 கிலோ. பெண்களுக்கான கணக்கு என்னன்னா, உயரத்துலேர்ந்து 152.4-ஐக் கழிச்சு, 0.91-ஆல பெருக்கி, 45.5-ஓட கூட்டணும். இவங்களுக்கு 43 கிலோ சொச்சம் வரும். கிலோவுக்கு 7 மில்லின்னா 300 மில்லிதான் ஒரு மூச்சு. தராசுல காட்டின 70 கிலோவை வெச்சு 8 மில்லின்னு போட்டா 560 மில்லி ஆயிடும், அதாவது அவங்க நுரையீரல் அளவுக்கு கிலோவுக்கு 13 மில்லி. போட்டவங்க மனசுல "8 மில்லிதான் கொடுத்தேன்"னு இருக்கும். வயசானவங்க கிட்ட இன்னொரு சிக்கல் கூனும் முதுகெலும்புத் தேய்மானமும், நிக்க வெச்சு உயரம் எடுத்தா குறைச்சலா வரும், இடுப்பு எலும்பு முறிஞ்சு வந்தவங்களை நிக்க வைக்கவே முடியாது, அவங்களுக்கு முன்கை எலும்பு நீளத்தை வெச்சு உயரத்தைக் கணிக்கிற வழி இருக்கு, கண்ணால பார்த்துக் குத்துமதிப்பா போடுறதை விட அது எவ்வளவோ மேல்.

வால்யூம் குறைச்சா மட்டும் போதாது, மூச்சு முடிவுலயும் நுரையீரல் காலியாகாம கொஞ்சம் பிரஷர் நிக்கணும், அதுதான் பீப். புது பலூனை ஊதுறப்போ முதல் ஊது ரொம்பக் கஷ்டமா இருக்கும், கொஞ்சம் விரிஞ்சுட்டா அப்புறம் லேசா போகும், காத்துப்பையும் அப்படித்தான், ஒட்டினதைத் திறக்க நிறைய பிரஷர் வேணும், திறந்ததை மூடாம வெச்சுக்க கொஞ்சமே போதும். அதனாலதான் பீப் தனியா சுருங்கினதைத் திறக்காது, முதல்ல 30, 40 சென்டிமீட்டர் நீர் அளவு பிரஷர்ல சில விநாடி பெரிய மூச்சா கொடுத்துத் திறந்துட்டு, அப்புறம் பீப்ல பிடிச்சு வைக்கணும்.

2013-ல பிரான்ஸ்ல 400 பேர் கிட்ட நடந்த இம்ப்ரூவ் ஆய்வுல வயித்து ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு சின்ன மூச்சு, 6-லேர்ந்து 8 பீப், அரை மணிக்கு ஒரு தடவை இந்தத் திறக்கிற மூச்சுன்னு மூணும் சேர்த்துக் கொடுத்தப்போ பெரிய சிக்கல்கள் 27.5 சதவீதத்துலேர்ந்து 10.5-க்கு இறங்குச்சு. எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. ஆனா எதிர்ப் பக்கம் இருந்தவங்களுக்கு பெரிய மூச்சு, பீப் சுத்தமா இல்லை, அதனால எது வேலை செஞ்சுதுன்னு பிரிச்சு சொல்ல முடியாது. அடுத்த வருஷமே 900 பேர் கிட்ட நடந்த ப்ரோவிலோ ஆய்வுல, ரெண்டு பக்கமும் மூச்சு சின்னதா வெச்சு பீப்பை மட்டும் 12-ஆ, இல்லை 2-க்குள்ளயான்னு மாத்திப் பார்த்தாங்க, நுரையீரல் சிக்கல்ல வித்தியாசம் இல்லை, 12 வெச்சவங்களுக்கு பிபி இறங்குறது மட்டும் அதிகமாச்சு. 2020-ல ஆஸ்திரேலியாவுல ஆயிரத்து இருநூறு பேர் கிட்ட ரெண்டு பக்கமும் 5 பீப் வெச்சு, 6 மில்லியா 10 மில்லியான்னு பார்த்தப்போ அங்கயும் நுரையீரல் சிக்கல் 38-க்கு 39 சதவீதம், அதாவது ஒண்ணேதான்.

இதையெல்லாம் சேர்த்துப் படிச்சா எனக்குத் தோணுறது, பீப் இல்லாம பெரிய மூச்சு கொடுக்கிற பழைய வழி மோசம், அதைத் தாண்டி ஒரு மாய நம்பர் கிடையாது. வயசானவங்க கிட்ட பீப்பை ஏத்துறதுக்கு ஒரு விலை இருக்கு, அவங்க இதயம் இறுகிப் போயிருக்கும், நல்லா நிரம்பினாதான் நல்லா அடிக்கும், நெஞ்சுக்குள்ள பிரஷர் ஏறினா இதயத்துக்குத் திரும்புற ரத்தம் குறைஞ்சு பிபி சரியும், அந்த பிபி சரிவு மூளைக்கும் கிட்னிக்கும் கெடுதல். திறக்கிற பெரிய மூச்சையும் பிபி ஏற்கனவே ஆடிட்டு இருக்கிறப்போ கொடுக்கக் கூடாது.

அப்போ அளவை எப்படித்தான் முடிவு பண்றது? அந்தந்த நுரையீரலையே கேக்கலாம். நம்ம 78 வயசு அம்மாவுக்கு 300 மில்லி, பீப் 5, மூச்சு உள்ள போய் நிக்கிற இடத்துல பிரஷர் 18 காட்டுதுன்னு வெச்சுக்கோங்க, ரெண்டுக்கும் வித்தியாசம் 13. இதை ட்ரைவிங் பிரஷர்னு சொல்றாங்க. திறக்கிற மூச்சு கொடுத்து பீப்பை 8 ஆக்கினதும் மேல் பிரஷர் 19 ஆச்சுன்னா வித்தியாசம் 11, அதே 300 மில்லி இன்னும் லேசா உள்ள போகுது, மூடியிருந்த இடம் திறந்திருக்கு. அதுக்குப் பதிலா 23-க்குப் போச்சுன்னா வித்தியாசம் 15, திறக்க வேண்டியது ஒண்ணும் திறக்கல, ஏற்கனவே திறந்திருந்த பைகள்தான் மேலும் இழுபடுது, உடனே பீப்பை இறக்கிடணும். எந்தத் தனி உபகரணமும் வேணாம், இப்போ வர்ற பெரும்பாலான அனஸ்தீஷியா மெஷின்ல இந்த ரெண்டு நம்பரும் ஸ்க்ரீன்லயே இருக்கும், பார்க்கணும்ங்கிறதுதான் விஷயம். லேப்ராஸ்கோபில, அதாவது சின்னத் துளை வழியா பண்ற ஆபரேஷன்ல, வயித்துக்குள்ள கேஸ் அடைச்சு தலையைத் தாழ்த்துறப்போ இந்த வித்தியாசம் சட்டுனு ஏறும், கேஸை எடுத்ததும் இறங்கும், அதனால கேஸ் எடுத்த பிறகு ஒரு தடவை திறக்கிற மூச்சு கொடுத்து மறுபடி பார்க்கிறது நல்லது.

சரி, ஆபரேஷன் முடியுது. என் கருத்துல ரொம்ப அலட்சியமா விடுற இடம் இதுதான். மூணு மணி நேரம் பொறுமையா நுரையீரலைத் திறந்து வெச்சிருப்பாங்க, கடைசில ஆக்சிஜனை 100-க்கு ஏத்தி, ட்யூபுக்குள்ள சக்ஷன் போட்டு நீளமா உறிஞ்சி, மல்லாக்கப் படுத்திருக்கிற நிலையிலேயே ட்யூபை உருவிடுவாங்க. காத்துப்பையை மூடுறதுக்கு இதை விட நல்ல வழி இல்லை, அத்தனை வேலையும் ரெண்டு நிமிஷத்துல போயிடும். சக்ஷன் வாய்க்கும் தொண்டைக்கும் வேணும், ட்யூப் வழியா தேவை இருந்தா மட்டும் போதும். தலையை உயர்த்தி, பீப் விடாம, பேஷன்ட் தானா நல்லா மூச்சு இழுக்கிறப்போ எடுக்கணும். ஆக்சிஜனை எவ்ளோ வைக்கிறதுங்கிறதுல டாக்டர்களுக்குள்ள இன்னும் ஒரே கருத்து இல்லை, ட்யூப் போடுறதே கஷ்டமா இருந்தவங்களுக்கு 100-தான் பாதுகாப்பு.

இதை விடப் பெரிய விஷயம், தசை தளர்த்துற மருந்தோட வேலை முழுசா தீர்ந்திருக்கா? ராகுரோனியம், வெக்குரோனியம் மாதிரி மருந்துகளை ஈரலும் கிட்னியும்தான் வெளியேத்தணும், வயசானா அது மெதுவா நடக்கும், ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் ரொம்ப வித்தியாசப்படும். மருந்து எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பார்க்க மணிக்கட்டுல நரம்பு மேல நாலு சின்ன மின் தூண்டுதல் கொடுத்து கட்டைவிரல் துடிக்கிறதைப் பார்ப்பாங்க, முதல் துடிப்போட ஒப்பிட்டா நாலாவது துடிப்பு 90 சதவீதமாவது இருக்கணும். கண்ணால பார்த்தோ விரலால தொட்டோ இதைச் சொல்ல முடியாது, 40 சதவீதம் வந்துட்டாலே நாலும் ஒரே மாதிரிதான் தெரியும், அளந்து நம்பராக் காட்டுற கருவி வேணும். அமெரிக்க அனஸ்தீஷியா டாக்டர்கள் சங்கம் 2023-ல வெளியிட்ட வழிகாட்டுதலும் அளக்கிற கருவியைத்தான் சொல்லுது. 2015-ல வந்த ஒரு ஆய்வுல ரெக்கவரி ரூமுக்கு வந்தப்போ தளர்ச்சி மிச்சம் இருந்தவங்க, எழுபது வயசுக்கு மேல உள்ளவங்கள்ல கிட்டத்தட்ட 58 சதவீதம், ஐம்பது வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல 30 சதவீதம். பாதிக்கு மேல! இந்த மிச்சத் தளர்ச்சி இருக்கிறப்போ கை கால் ஆடும், கேட்டதுக்குத் தலையாட்டுவாங்க, ஆனா தொண்டைத் தசை சரியா மூடாது, எச்சில் மூச்சுக் குழாய்க்குள்ள இறங்கும், இருமல்ல வலு இருக்காது. மூணாவது நாள் நிமோனியாவுக்கு விதை அங்கயே விழுந்திருக்கலாம். சுகாமாடெக்ஸ்னு ஒரு மருந்து ராகுரோனியத்தையும் வெக்குரோனியத்தையும் ரத்தத்துலயே பிடிச்சு வெச்சு வேகமா முறிச்சிடும், பழைய நியோஸ்டிக்மைன் மெதுவானது, தளர்ச்சி ஆழமா இருக்கிறப்போ அது வேலை செய்யாது. எதைக் கொடுத்தாலும் அளந்து பார்க்காம ட்யூபை எடுக்கக் கூடாது. மயக்க வாயு விஷயமும் இதே கதைதான், 40 வயசுக்கு அப்புறம் பத்து வருஷத்துக்கு சுமார் 6 சதவீதம் தேவை குறையும், 80 வயசுக்காரருக்கு இளையவரோட அளவுல கொடுத்தா முழிக்கவும் நேரமாகும், இருமவும் நேரமாகும்.

ரெக்கவரி ரூம்ல எல்லாருக்கும் மாஸ்க்ல ஆக்சிஜன் போகும், மானிட்டர்ல மறுபடி 99. வலிக்குக் கொடுத்த மார்ஃபின் மாதிரி ஓபியாய்டு மருந்துல மூச்சு நிமிஷத்துக்கு ஏழு எட்டுன்னு இறங்கியிருக்கும், கார்பன் டை ஆக்சைடு ஏறிட்டே இருக்கும், ஆக்சிஜன் போறதால சாச்சுரேஷன் மட்டும் இறங்காது. அதனால வயசானவங்களுக்கு மூச்சு எண்ணிக்கையை ஒரு முழு நிமிஷம் நின்னு எண்ணுங்கன்னு சொல்றது பழைய வழக்கம்னு ஒதுக்கிட வேண்டியதில்லை, அதுதான் முதல்ல தெரியிற அறிகுறி. நல்லா முழிச்சு நிலையா இருக்கிறவங்களுக்கு ஆக்சிஜனை நிறுத்தி சாதாரணக் காத்துல அஞ்சு நிமிஷம் விட்டுப் பார்க்கிற ஒரு எளிய டெஸ்ட்டும் இருக்கு. 97-க்கு கீழ வந்தா சுருக்கம் இருக்கலாம்னு எடுத்துக்குவாங்க. ஆனா எண்பது வயசுல ஆபரேஷனுக்கு முன்னாடியே 95 இருந்திருக்கலாம், அதனால முன்னாடி ஆக்சிஜன் இல்லாம எவ்ளோ இருந்துச்சுன்னு எழுதி வெச்சிருந்தாதான் ஒப்பிட முடியும். இந்த ஒரு நம்பரை எழுதாம விட்ட கேஸ் ஷீட்டைப் பார்த்தா எனக்கு வருத்தமா இருக்கும், எந்தச் செலவும் இல்லாத விஷயம்.

வலியைப் பத்தி கட்டாயம் சொல்லணும். மேல் வயித்துலயோ நெஞ்சுலயோ வெட்டினவங்களுக்கு ஆழமா மூச்சு இழுத்தா வலிக்கும், வலிச்சா மேலோட்டமா மூச்சு விடுவாங்க, இருமலை அடக்குவாங்க, சளி தேங்கும். ஓபியாய்டை அதிகம் கொடுத்தா மூச்சு மந்தமாகும், கொடுக்காம விட்டா மூச்சே இழுக்க மாட்டாங்க. அதனாலதான் எபிடூரல் (முதுகெலும்பு பக்கத்துல சின்னக் குழாய் வெச்சு மரத்துப் போக வைக்கிறது), வயித்துச் சுவர் ப்ளாக் (அங்க இருக்கிற நரம்பை ஊசி போட்டு மரத்துப் போக வைக்கிறது), பாராசிட்டமால்னு பல வழியா பிரிச்சுக் கொடுக்கிறது. ப்ளாக்லயும் ஒரு எச்சரிக்கை உண்டு, தோள் ஆபரேஷனுக்குக் கழுத்துல போடுற ப்ளாக் அந்தப் பக்க உதரவிதானத்தோட நரம்பையும் பெரும்பாலும் மரத்துப் போக வைக்கும், நுரையீரல் ஏற்கனவே பலவீனமான ஒருத்தருக்கு அது பெரிய அடி, வேற இடத்துல போடுற ப்ளாக்கை யோசிக்கணும்.

"அப்போ ஜெனரலே வேணாம், முதுகுல ஊசி போட்டுடலாமே"ன்னு நிறைய பேர் கேப்பாங்க. இடுப்பு எலும்பு முறிவுக்கு 2021-ல 1600 பேர் கிட்ட நடந்த ரீகெயின் ஆய்வுல அறுபது நாள் கழிச்சு இறப்பும் நடக்க முடியாம போறதும் சேர்த்துப் பார்த்தப்போ ஸ்பைனல் ஜெனரலை விட மேல்னு வரல. கடுமையான சிஓபிடி இருக்கிறவருக்கு ஸ்பைனல் நல்ல தேர்வா இருக்கலாம், ஆனா அதோட கூட நிறைய தூக்க மருந்து கொடுத்தா அந்த லாபமும் போயிடும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி செய்யக் கூடியது நிறைய இருக்கு, அதுல வீட்ல இருக்கிறவங்க பங்கும் பெருசு. ஆபரேஷனுக்கு அப்புறம் நுரையீரல் சிக்கல் வர்ற வாய்ப்பைக் கணிக்க ஸ்பெயின்ல 2010-ல உருவாக்கின அரிஸ்காட்னு ஒரு ஸ்கோர் இருக்கு, பாயின்ட் கூடினா ஆபத்தும் கூடும், அதுல 80 தாண்டின வயசுக்கு 16 பாயின்ட், கடந்த ஒரு மாசத்துக்குள்ள சளிக் காய்ச்சல், நெஞ்சு இன்ஃபெக்ஷன் ஏதாவது வந்திருந்தா 17 பாயின்ட். வயசை மாத்த முடியாது, ஆனா அவசரம் இல்லாத ஆபரேஷனை ஒரு மாசம் தள்ளிப் போட முடியும். ஹீமோகுளோபின் 10-ம் அதுக்குக் கீழயும் இருந்தா 11 பாயின்ட், அதையும் முன்கூட்டியே சரி பண்ணலாம். சிகரெட்டை நாலு வாரமாவது முன்னாடி நிறுத்தினா நல்ல பலன், ஒரு நாள் முன்னாடி நிறுத்தினா கூட ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு குறையும். அதனால "இனிமே நிறுத்தி என்ன ஆகப் போகுது"ங்கிற பேச்சே வேணாம்.

என்னை ரொம்ப யோசிக்க வெச்சது 2018-ல ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல நடந்த ஒரு ஆய்வு. மேல் வயித்து ஆபரேஷனுக்கு வர்றவங்களுக்கு முன்னாடியே ஒரே ஒரு தடவை, அரை மணி நேரம், பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்து ஆபரேஷனுக்கு அப்புறம் நுரையீரல்ல என்ன ஆகும், ஏன் ஆழமா மூச்சு இழுக்கணும், முழிச்ச உடனே எப்படிப் பயிற்சியை ஆரம்பிக்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க, அவ்ளோதான். நுரையீரல் சிக்கல் 27 சதவீதத்துலேர்ந்து 12-க்கு வந்துச்சு. எந்த வென்டிலேட்டர் செட்டிங்குக்கும் குறையாத பலன் இது. முழிச்சு அரை மயக்கத்துல வலியோட இருக்கிற ஒரு பெரியவர் கிட்ட முதல் தடவையா "நல்லா மூச்சு இழுங்க ஐயா"ன்னா அவருக்கு ஒண்ணும் புரியாது, முன்னாடியே பழகியிருந்தா கை தானா தையல் மேல தலையணையை அணைச்சுப் பிடிச்சு இருமும்.

வார்டுல தலையை 30 டிகிரி உயர்த்தி வைக்கிறது, சீக்கிரம் நாற்காலியில உட்கார வைக்கிறது, முடிஞ்சா அன்னிக்கே ரெண்டு அடி நடக்க வைக்கிறது, பல் தேய்ச்சு வாயைச் சுத்தமா வெச்சுக்கிறது, பல் செட், கண்ணாடி, காது மெஷின் எல்லாத்தையும் திருப்பி மாட்டி விடுறது, நிமிர்ந்து உட்கார வெச்சு கொஞ்சம் கொஞ்சமா விழுங்க வைக்கிறது, எல்லாமே நுரையீரலுக்கான வேலைதான். மூணு பந்து மேல ஏறுற மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கையில கொடுத்துட்டா போதும்னு நினைக்கக் கூடாது, அது தனியா பெருசா எதையும் மாத்தறதா ஆய்வுகள்ல வரல, எழுந்து நடக்கிறதோட சேர்ந்தாதான். அதோட அது ஊதுறதுக்கு இல்லை, உறிஞ்சி இழுக்கிறதுக்கு. பாதிப் பேர் அதுல ஊதிட்டு இருப்பாங்க.

கூட இருக்கிறவங்க கவனிக்க வேண்டியது ரெண்டாவது நாள்லேர்ந்து அஞ்சாவது நாள் வரைக்கும். வயசானவங்களுக்கு நிமோனியா வர்றப்போ காய்ச்சலும் இருமலும் இல்லாமலே வரலாம். நேத்து நல்லா பேசிட்டு இருந்தவங்க இன்னிக்கு ஆளை மாத்திப் பேசுறாங்க, பகல்ல தூங்கிட்டே இருக்காங்க, சாப்பாடு வேணாம்ங்கிறாங்க, மூச்சு நிமிஷத்துக்கு 25-ஐத் தாண்டுதுன்னா, விரல்ல மாட்டியிருக்கிற கருவி எந்த நம்பர் காட்டினாலும் சரி, அப்பவே நர்ஸைக் கூப்பிட்டு "இவங்க வழக்கமா இப்படி இல்லை"ன்னு சொல்லிடுங்க.